சென்னைக்கு வரும் ஜோடிகளே, தாம்பரத்திலேயே இறங்கிவிடுங்கள்

முதன்முறையாகச் சென்னைக்கு வரும் கணவன் மனைவிக்கு யாரிடம் கேட்டாலும் கிடைக்கிற யோசனை ஒன்றுதான். எழும்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ தி.நகரிலோ ரூம் போடு, காலையில் கபாலீஸ்வரர் கோயில், மத்தியானம் சரவணா ஸ்டோர்ஸ், சாயந்திரம் மெரினா, மறுநாள் வண்டி பிடித்து மாமல்லபுரம். யோசனையில் பெரிய தப்பு ஒன்றுமில்லை; ஆனால் அது வேறொரு சென்னைக்காகச் சொல்லப்பட்ட யோசனை. இன்றைய சென்னைக்கு வரும் ஜோடி முதல் மூன்று நான்கு நாட்களை ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர் மாதிரியான கிழக்குத் தாம்பரப் பக்கத்து ஊர் ஒன்றில் தங்கி, எலக்ட்ரிக் டிரெயினில் ஊருக்குள் போய் வந்து கழிப்பதுதான் நல்லது என்பது என் கட்சி. கேட்டவுடனே சிரிப்பு வரும். ராஜகீழ்ப்பாக்கத்திலா? வேளச்சேரி - தாம்பரம் ரோட்டில் சேலையூருக்கும் செம்பாக்கத்துக்கும் நடுவே பஸ்ஸின் ஜன்னலில் கடந்துபோகிற அந்த ஊரிலா? ஆமாம், அங்கேதான். சட்டப்படி பார்த்தால் அது சென்னை மாநகராட்சியிலேயே இல்லை. செம்பாக்கம் நகராட்சியில் இருந்தது, 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது அதோடு சேர்ந்தது, மாவட்டம் செங்கல்பட்டு. "சென்னைக்குப் போய்ட்டு வந்தோம்" என்று ஊரில் சொல்லிக்கொள்ளப் போகிற ஜோடி, இரவெல்லாம் செங்கல்பட்டு மாவட்டத்தில் தூங்கியிருக்கும். பரவாயில்லை.

முதல் காரணம், ஊரின் வாசல் இடம் மாறிவிட்டது. வெளியூர்ப் பேருந்துகள் ஒரு காலத்தில் பாரிமுனையில் போய் நின்றன. பெட்டியோடு இறங்குகிறவனுக்கு மண்ணடியும் திருவல்லிக்கேணியும் நடந்தோ ரிக்‌ஷாவிலோ போகிற தூரம். மேன்ஷன்களும் லாட்ஜ்களும் அங்கே பெருகியதில் அதிசயமில்லை. 2002 நவம்பரில் கோயம்பேடு வந்தது, வாசல் மேற்கே நகர்ந்தது. 2023 டிசம்பர் 30-ஆம் தேதி கிளாம்பாக்கம் முனையம் திறந்த பிறகு, தென்மாவட்டத்துப் பேருந்துகள் வண்டலூருக்கு முன்பே நின்றுவிடுகின்றன. விமானநிலையம் எப்போதுமே மீனம்பாக்கத்தில்தான். மதுரை, திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கமிருந்து வரும் ரயில்கள் பெரும்பாலும் தாம்பரத்தில் நின்றுதான் எழும்பூர் போகின்றன. சில வண்டிகளுக்குத் தாம்பரமே கடைசி ஸ்டேஷன். ஆக ஆகாயம், ரோடு, தண்டவாளம் மூன்றில் எந்த வழியாக வந்தாலும் தென்பக்கத்து ஆள் முதலில் கால் வைப்பது தாம்பரத்தைச் சுற்றிய பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள். அங்கே இறங்காமல், ராத்திரி முழுக்கத் தூங்காத கண்ணோடு, இரண்டு பெட்டி ஒரு பையோடு, காலை எட்டு மணி ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒன்றரை மணி நேரம் ஊர்ந்து திருவல்லிக்கேணிக்குப் போய்ச் சேர்ந்து, "செக்-இன் பன்னெண்டு மணிக்குத்தான் சார்" என்று கேட்டுக்கொள்வது எதற்கு? கோவையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்கள் சென்ட்ரலில் இறங்குவார்கள், அவர்களுக்கு இந்த வாதம் பாதிதான் பொருந்தும். அவர்களும் எதிரே பூங்கா ஸ்டேஷனுக்குக் கடந்தால் தாம்பரம் வண்டி ஒன்றே போதும்.

இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியம். புது ஊரில் முதல் நாட்களில் ஒரு ஜோடிக்குள் வரும் சண்டையை உற்றுப் பார்த்தால், அதன் மூலம் வெயிலும் இல்லை, தூரமும் இல்லை. மணிக்கு இத்தனை முறை எதையாவது முடிவு செய்ய வேண்டியிருப்பதுதான். ஆட்டோவா பஸ்ஸா, அவன் இருநூறு கேட்கிறான் கொடுக்கலாமா, இந்தப் பக்கம் போகணுமா அந்தப் பக்கமா, நீதானே சொன்னாய், நான் எங்கே சொன்னேன். சென்னையில் இந்தச் சச்சரவுக்குத் தீனி போடுவது ஆட்டோ பேரம். 2013 ஆகஸ்டில் அரசு கட்டணத்தைத் திருத்தியது: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12 ரூபாய். பெட்ரோல் எங்கோ போன பிறகும் பல ஆண்டுகள் அந்தக் கணக்கு அப்படியே நின்றது. மீட்டர் சொல்வது ஓட்டுநருக்குக் கட்டாது, அவர் வாயில் வருவது நமக்குக் கட்டாது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் நடுத்தெருவில் நின்று விலை பேச வேண்டியிருக்கிறது, அதுவும் பேச்சுவழக்கு புரியாத ஜோடியாக இருந்தால் பேசும் முன்பே தோற்றாயிற்று. மின்ரயிலில் இந்தப் பேச்சே கிடையாது. தாம்பரத்திலிருந்து கடற்கரை ஸ்டேஷன் வரை, ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, இரண்டாம் வகுப்பு டிக்கெட் பத்து ரூபாய். போக வேண்டிய திசையும் ஒன்றுதான்: பீச் பக்கம், அல்லது தாம்பரம் பக்கம். ஒரே கோட்டில் ஓடும் ஊரில் வழி தவறுவது கஷ்டம். தவறினாலும் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி எதிர்ப்பக்கம் போய் நின்றால் தீர்ந்தது. முடிவுகள் குறைந்தால் ஜோடி ஊரைப் பார்க்க ஆரம்பிக்கிறது.

அந்தக் கோடு சாதாரணக் கோடும் இல்லை. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1931-இல் மின்ரயில் ஓடத் தொடங்கியது. இந்தியாவில் மீட்டர் கேஜ் பாதை மின்மயமானது இங்கேதான் முதலில். சென்னை தெற்கே வளர்ந்த கதையை அந்தப் பாதையிலிருந்து பிரிக்க முடியாது. பாரிமுனையில், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே கிட்டத்தட்ட நூறு வருஷம் இருந்த கிறித்தவக் கல்லூரி, மின்ரயில் வந்து ஆறு வருஷம் கழித்து, 1937-இல், தாம்பரத்துக் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. பேட்டைகளும் நகர்களும் காலனிகளும் ஸ்டேஷனை ஒட்டித்தான் முளைத்தன. குரோம் தோல் தொழிற்சாலையின் பெயரையே ஊர்ப்பெயராக வைத்துக்கொண்ட குரோம்பேட்டையும் இந்தப் பாதையில்தான். தாம்பரத்திலேயே புறப்படும் வண்டியாகப் பார்த்து ஏறினால் (செங்கல்பட்டிலிருந்து வருவது ஏற்கெனவே நிரம்பியிருக்கும், அதை விட்டுவிடலாம்) ஜன்னல் ஓரம் நிச்சயம். வடக்கு நோக்கிப் போகும்போது திரிசூலத்தில் வலப்பக்கம் கல் குவாரி கடித்துத் தின்ற குன்று, இடப்பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு அப்பால் விமானநிலையம். பழவந்தாங்கல் தாண்டியதும் இடப்பக்கம் பரங்கிமலை. இந்தியாவை அளந்து முடித்த அந்தப் பெரிய நில அளவைக்கு லாம்டன் 1802-இல் முதல் அடிக்கோட்டை இழுத்தது இந்த மலையடிவாரத்துச் சமவெளியில். கிண்டி தாண்டினால் அடையாறு, எழும்பூருக்கு முன்னால் கூவம். மாம்பலத்தில் இறங்கினால் ரங்கநாதன் தெரு படிக்கட்டின் கீழேயே தொடங்குகிறது. எழும்பூரில் அருங்காட்சியகம், பூங்காவில் ரிப்பன் மாளிகை, கோட்டையில் 1680-இல் கட்டிய புனித மேரி தேவாலயம், கடற்கரை ஸ்டேஷன் வாசலில் பர்மா பஜார். ஊர் எப்படி வளர்ந்ததோ அதற்கு நேர்தலைகீழாக, புதியதிலிருந்து பழையதை நோக்கி, ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரலாம். காரில் போகிறவர்களுக்கு இந்த வரிசை மண்டையில் ஏறவே ஏறாது.

"எல்லாம் சரி, ராஜகீழ்ப்பாக்கத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்ற கேள்விக்கு நேர்மையான பதில், பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு ஏரி, ஒரு சிக்னல், அதைச் சுற்றி மருந்துக்கடையும் ஸ்வீட் ஸ்டாலும் இரும்புக்கடையும். ஆனால் அந்த இடத்தில் பிரிகிற மாடம்பாக்கம் ரோட்டில் சில கிலோமீட்டர் போனால் தேனுபுரீஸ்வரர் கோயில். பிற்காலச் சோழர் காலத்துக் கற்றளி; ராஜராஜனின் தந்தை சுந்தர சோழன் காலத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். விமானத்தைப் பின்பக்கம் போய் நின்று பார்க்க வேண்டும்: சதுரமாக முடியாமல், படுத்த யானையின் முதுகு மாதிரி வளைந்து இறங்குகிறது; தூங்கானை மாடம் என்பது இதைத்தான். மூலவர் கைக்கடக்கமான சிறு லிங்கம். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் வளாகம் சுத்தமாக, புல்வெளியோடு இருக்கும். வாரநாளில் போனால் தூணுக்குத் தூண் நின்று விஜயநகரக் காலத்துச் சிற்பங்களைப் பார்க்கலாம், யாரும் "நகருங்க நகருங்க" என்று சொல்ல மாட்டார்கள். மயிலாப்பூரில் இன்று நாம் பார்க்கும் கபாலீஸ்வரர் கோயில் கட்டடம் போர்த்துக்கீசியர் வந்த பிறகு எழுந்தது. மாடம்பாக்கத்துக் கோயில் அதைவிடச் சில நூற்றாண்டு மூத்தது. பல்லாவரத்திலோ, 1863 மே மாதத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு சரளைக்கல் குழியில் பழங்கற்காலக் கைக்கோடரியைப் பொறுக்கினார். இந்தியத் தொல்வரலாறு என்ற துறையே அந்தக் கல்லிலிருந்து தொடங்குகிறது. அதே ஊரில் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரை ஒன்று இன்று தர்காவாக வழிபாட்டில் இருக்கிறது. சென்னைக்கு "நானூறு வருஷத்து வரலாறு" என்று கோட்டையிலிருந்து கணக்குப் போடுகிறவர்கள் இந்தப் பக்கம் வந்ததில்லை என்று அர்த்தம்.

தாம்பரத்துக்கு வந்த ஜோடி என்று பேச்சு வந்துவிட்டதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கிறித்தவக் கல்லூரி வளாகம் முந்நூறு ஏக்கருக்கு மேல். மான்களும் மரங்களுமாக இன்று அது ஒரு காடு. அந்தப் பசுமைக்குப் பாடுபட்டவர்களாகக் கல்லூரிக்காரர்கள் இன்றும் சொல்வது வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸையும் அவர் மனைவி ஆலிஸையும். கடல் கடந்து வந்த கணவனும் மனைவியும் இந்தப் பொட்டல் புதர்க்காட்டைப் பார்த்து, இங்கே என்ன முளைக்கிறது என்று செடிசெடியாகத் தெரிந்துகொண்டார்கள். மூன்று நாள் டூரில் யாரும் மரம் நடப் போவதில்லை, தெரியும். ஆனால் ஓர் ஊரை ஓரத்திலிருந்து நிதானமாக அறிவது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. வளாகத்துக்குள் போக வாயிலில் அனுமதி கேட்க வேண்டும். கல்லூரி நடக்கும் இடம், பார்க் இல்லை.

அடுத்து தங்குமிடம். ராஜகீழ்ப்பாக்கத்தில் நட்சத்திர ஹோட்டல் தேடினால் கிடைக்காது; கேம்ப் ரோடு, கிழக்குத் தாம்பரம் பக்கம் சாதாரண லாட்ஜ்களும் சர்வீஸ் அபார்ட்மென்ட்களும்தான். ஆனால் வழிகாட்டிப் புத்தகங்கள் எழுதாத ஒரு விஷயம் உண்டு: நம் ஜோடிகளில் முக்கால்வாசிப் பேர் ஹோட்டலில் தங்குவதே இல்லை. பெரியம்மா வீடு சேலையூரில், மாமா வீடு மாடம்பாக்கத்தில், ஒன்றுவிட்ட அண்ணன் செம்பாக்கத்தில் இடம் வாங்கிக் கட்டியிருக்கிறான். தென்மாவட்டத்துக் குடும்பங்கள் சென்னையில் சொந்தமாக மனை வாங்க முடிந்த இடம் கடைசியில் இதுவாகத்தான் இருந்தது. ஆகவே "தாம்பரம் பக்கம் தங்கு" என்பது பலருக்கு நான் புதிதாகச் சொல்லும் யோசனையே இல்லை, ஏற்கெனவே நடப்பதுதான். அந்த வசதியை ஒரு குறையாக நினைத்து, "அவ்ளோ தூரத்துல போய்த் தங்கணுமா" என்று முகம் சுளிக்காதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. உறவினர் வீட்டில் தங்குவதற்கும் விலை உண்டு. புதுமணத் தம்பதி என்றால் விருந்து வைக்காமல் விடமாட்டார்கள்; பத்து மணிக்குக் கிளம்ப வேண்டிய ஜோடி இன்னும் இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டுப் பதினொன்றரைக்குக் கிளம்பும். இதற்கு மருந்து, "சாப்பாடு ராத்திரிக்கு அத்தை, காலையில காபி மட்டும்" என்று முதல் நாளே சொல்லிவிடுவது. கல்யாணமாகாத ஜோடிக்கு உறவினர் வீடு ஆகாது, லாட்ஜ்தான். ரிசப்ஷனில் ஒரு மாதிரியாகப் பார்த்தால், மணமாகாத இருவர் ஓர் அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில், கோவையில் சீல் வைக்கப்பட்ட ஒரு விடுதியின் வழக்கில் சொல்லியிருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். இருவருக்கும் அடையாள அட்டை இருக்கட்டும். ரூம் கொடுக்க மாட்டேன் என்கிறவரிடம் தீர்ப்பை வாசித்துக் காட்டுவதைவிட அடுத்த லாட்ஜைப் பார்ப்பது நேரத்துக்கு நல்லது.

இனி, எனக்கே பதில் சொல்லச் சங்கடமான எதிர்வாதம்: ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்வது. ரயிலில் ஒரு மணி நேரத்தில் பீச்சுக்குப் போய்விடலாம் என்று பெருமையாகச் சொன்னேன். அந்த ரயிலைப் பிடிக்க, காலை எட்டரை மணிக்குக் கேம்ப் ரோடு சந்திப்பைக் கடக்க ஆகும் நேரத்தைச் சொல்லவில்லை. ஸ்கூல் வேன், தண்ணி லாரி, ஐ.டி. கம்பெனி பஸ், வலப்பக்கம் திரும்பக் காத்திருக்கும் ஷேர் ஆட்டோ எல்லாம் ஒரே சமயத்தில் ஒரே சிக்னலில். இதற்குச் சமாதானம் கிடையாது, நேரம் பார்த்துக் கிளம்புவதுதான் வழி. ஏழரைக்கு முன், அல்லது பத்தரைக்குப் பின். ஊர் சுற்ற வந்தவர்களுக்கு அலுவலக நேரத்தில் என்ன வேலை? அப்படியும் கேம்ப் ரோடு வேண்டாம் என்றால் எதிர்த்திசையில் பஸ் ஏறலாம். கிழக்குத் தாம்பரத்திலிருந்து தி.நகர் போகும் வி51 ராஜகீழ்ப்பாக்கம் வழியாகத்தான் வருகிறது. மேடவாக்கம், பள்ளிக்கரணை, வேளச்சேரி என்று போகும். பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது; குளிர்காலத்தில் பஸ் ஜன்னலிலிருந்தே நாரைகளும், அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரைகளும் தெரியும். செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் மாதிரி ஊர்களின் ஏரிகள் நிரம்பி வழிந்து போய்ச் சேரும் இடமும் அதுதான். பஸ்ஸில் ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. முன்னும் பின்னும் பிங்க் நிறம் அடித்த சாதாரணக் கட்டணப் பேருந்து வந்தால், 2021 மே முதல் அதில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எந்த ஊர்ப் பெண்ணாக இருந்தாலும் சரி, அட்டை எதுவும் காட்ட வேண்டியதில்லை. கண்டக்டர் மனைவிக்குக் கட்டணமில்லாச் சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, கணவனைப் பார்த்து "உங்களுக்கு எங்க?" என்பார்.

ரயிலில் கூட்டம் தாங்காது, அதுவும் ஜோடியாக ஏற முடியாது என்பார்கள். பெண்கள் பெட்டி தனி. பொதுப்பெட்டியில் இருவரும் சேர்ந்து ஏறலாம், ஆனால் மாலை ஆறு மணிக்கு மாம்பலத்தில் அதை முயற்சி செய்வது வீரம், புத்திசாலித்தனம் அல்ல. அந்த நேரத்தில் அவர் பெண்கள் பெட்டி, இவர் பக்கத்துப் பெட்டி என்று பிரிந்து ஏறுவதே மேல். இறங்கும் ஸ்டேஷன் பெயரையும், இறங்கி எங்கே நிற்பது என்பதையும் (டிக்கெட் கவுன்டர் அருகே என்று வைத்துக்கொள்ளுங்கள்) ஏறும் முன்பே பேசிக்கொண்டால் போதும். தாம்பரம்தான் இறங்குமிடம் என்றால் பெரும்பாலான வண்டிகளுக்கு அதுவே கடைசி நிறுத்தம், தவறவிட வழியில்லை. ஓரத்தில் தங்குவதில் இதுவும் ஒரு லாபம். வெயில் தாங்காதவர்களுக்கு 2025 ஏப்ரலிலிருந்து ஏசி மின்ரயிலும் ஓடுகிறது; குறைந்தபட்ச டிக்கெட் 35 ரூபாய், வண்டிகள் குறைவு, நேரம் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக வருவது செல்போன்காரர்களின் வாதம்: ஆப்பில் வண்டி புக் பண்ணினால் பேரமும் இல்லை, கூட்டமும் இல்லை, எதற்கு இந்தக் கஷ்டமெல்லாம்? இரவு பத்து மணிக்குக் கைநிறையப் பையோடு தி.நகரில் நிற்கிறவர்களுக்கு நானும் அதையே சொல்வேன். ஆனால் முதல் நாட்கள் முழுவதும் அப்படியே போனால், ஊர் அவர்களுக்கு ஒரு டிரைவரின் பின்னந்தலையும் பல்லாவரம் மேம்பாலத்து நெரிசலுமாகவே மிஞ்சும். மயிலாப்பூர் எந்தப் பக்கம், மாம்பலம் எந்தப் பக்கம் என்று நான்காம் நாளும் தெரியாது. தெரியாததால் ஐந்தாம் நாளும் ஆப்தான். ரயிலில் போனவர்களுக்கோ இரண்டாம் நாளே சைதாப்பேட்டைக்குப் பிறகு மாம்பலம் என்று வாயில் வந்துவிடும். அதற்குப் பிறகு ஊருக்குள் ரூம் மாற்றிக்கொண்டு போகட்டும், தாராளமாக.

ஒரு எச்சரிக்கை, மழை. ஐப்பசி, கார்த்திகையில் வருவதாக இருந்தால் இந்தப் பக்கத்தைப் பற்றி இரண்டு முறை யோசிக்க வேண்டும். 2015 டிசம்பர் தொடக்கத்தில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியது, முடிச்சூர் பக்கம் வீட்டு மாடிகளுக்குப் படகு போனது. மார்கழி பிறந்து மழை ஓய்ந்த பிறகு மாசி வரை சரியான காலம். விடுமுறை நாட்களையும் பார்த்துக்கொள்ளுங்கள்: வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை, எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை. மாற்றிப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பவர்கள் வாராவாரம் உண்டு. ஒன்றரை நாள்தான் இருக்கிறது, கையில் குழந்தை வேறு என்றால் நான் சொன்ன எதுவும் வேண்டாம். தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாக மாமல்லபுரத்துக்கே பஸ் இருக்கிறது. காலையில் ஏறினால் வெயில் ஏறும் முன் கடற்கரைக் கோயிலைப் பார்த்துவிட்டு, ராத்திரி ரயிலுக்குத் தாம்பரத்துக்கே திரும்பிவிடலாம்.